அணி முழுவதற்கும் ஒரே இலக்கு வைக்கலாமா? புது சீசனுக்கு முன் யோசனை வேண்டும்

ஸ்டாப்வாட்ச்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் டிரையத்லான் குழுவில் இப்போது 16 பேர். தனியாகக் கோச் கிடையாது. நான் 6 வருடமாகப் போட்டிகளுக்குப் போய்வருகிறேன் என்பதால் அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், குடும்பம் பார்க்கிறவர்கள்.

போன சீசன் ஆரம்பத்தில் எல்லாரையும் நீச்சல் குளத்துப் படியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்து இலக்கை எழுதச் சொன்னேன். 11 தாளில் ஒரே வரி: ஒலிம்பிக் தூரத்தை 3 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதாவது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். முதலில் ஒருவர் சத்தமாகச் சொன்னார், பக்கத்தில் இருந்தவர்களும் அதையே எழுதிவிட்டார்கள். நானும் அதற்கேற்ற மாதிரி எல்லாருக்கும் ஒரே அட்டவணையைப் போட்டேன்.

11 பேரில் 4 பேர் 3 மணிக்குள் வந்தார்கள். 3 பேர் அதோடு பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் 3 மணி 9 நிமிடத்தில் முடித்தவர். அதற்கு முந்தைய வருடம் அவருடைய நேரம் 3:41. 32 நிமிடம் குறைத்திருக்கிறார்! ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "முடியலையே" என்று ஒரே வார்த்தை சொல்லி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போனதற்கு நானும் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த முறை இலக்கை எப்படி வைப்பது? வேறு குழுக்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

இரட்டைச்சக்கரம்:

நேர இலக்கைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வார்த்தை. எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல வருடங்கள் இலக்கைப் பற்றியே ஆராய்ந்தவர்கள். தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தவர்கள், "உன்னால் முடிந்ததைச் செய்" என்று விடப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. எனக்கும் அப்படித்தான். எண் கண்முன்னால் இல்லாவிட்டால் அதிகாலையில் போர்வையை விலக்க மனசு வராது.

உங்கள் 4 பேர் 3 மணிக்குள் வந்ததற்கு அந்த எண்தான் காரணம். மற்றவர்களுக்கு அந்த எண் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆளுக்கேற்ற எண் கொடுங்கள்.

நாலாவது_லேன்:

இரட்டைச்சக்கரம் சொன்னதில் பாதி சரி. அதே ஆராய்ச்சியில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு வேலை ஒருவருக்குப் புதிது, சிக்கலானது என்றால் முடிவைக் குறிவைக்கும் எண்ணைவிட, "இதைக் கற்றுக்கொள்வேன்" என்ற இலக்குதான் நன்றாக வேலை செய்கிறது. இதையும் லேதம் சொல்லியிருக்கிறார். நம் குழுக்களில் பாதிப் பேருக்கு நீச்சல் அப்படிப்பட்ட விஷயம். வயது வந்தபின் கற்றுக்கொண்ட நீச்சல்.

எனக்கு 38 வயதில்தான் ஃப்ரீஸ்டைல் வந்தது. குளத்தில் 1,500 மீட்டர் நிற்காமல் நீந்தப் பழகியதும் முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். 35 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று குழுவில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஏரியில் இறங்கி 80, 100 மீட்டர் போயிருப்பேன். பக்கத்தில் வந்தவரின் கை பட்டு நீச்சல் கண்ணாடி விலகி, வலது பக்கம் தண்ணீர் புகுந்துவிட்டது. கீழே பார்த்தால் பச்சை நிறம் மட்டும்தான், குளத்தில் இருக்கும் கறுப்புக் கோடு இல்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறேன், வெளியே விட மறந்துவிட்டேன். பாதுகாப்புக்கு வந்த படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விதிப்படி படகைப் பிடிக்கலாம், அதைக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். அதுகூட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தகுதி போய்விட்டது என்று நினைத்து அழுதுகொண்டே கரைக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருடம் நேரத்தை எழுதவில்லை. மூன்று வரி எழுதினேன். ஒன்று: கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மல்லாந்து படுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, 5 முறை மூச்சை முழுதாக வெளியே விடுவேன். இரண்டு: நெஞ்சு படபடத்தால் மார்பு நீச்சலுக்கு மாறி, 20 வரை எண்ணுவேன். மூன்று: 6 முறை கை போட்டதும் ஒருமுறை தலை தூக்கி, வழி காட்டும் மிதவையைப் பார்ப்பேன். "இப்படி ஆனால், இப்படிச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். அதைப் பிற்பாடுதான் படித்தேன். குளத்தில் வேண்டுமென்றே கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டு வாராவாரம் பழகினேன். அந்த வருடம் 41 நிமிடத்தில் கரை ஏறினேன். கால் மண்ணில் பட்ட அந்த நொடி எனக்குப் போதும் என்றிருந்தது.

டிரையத்லானில் நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதி நீச்சலின்போதுதான் நடந்திருக்கிறது. அதனால் தண்ணீருக்குப் புதியவர்களிடம் நீச்சல் நேரத்தை இலக்காக எழுதச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் தண்ணீரில் பயமில்லாமல் இருக்கட்டும்.

இரட்டைச்சக்கரம்:

அக்கா, இதை ஒத்துக்கொள்கிறேன். திறந்த தண்ணீர் விஷயம் வேறு. சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் என் கருத்து மாறவில்லை.

மெதுவோட்டம்:

நான் இலக்கைவிட அட்டவணையைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் ஒரே இலக்கின் தீமை அங்கேதான் தெரியும்.

எல்லாருக்கும் ஒரே இலக்கு என்றால் எல்லாரும் ஒரே வேகத்தில் பயிற்சி செய்யத் தொடங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட சைக்கிள் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் "இலேசாக, 3 மணி நேரம்" என்று இருக்கும். முதல் அரை மணி எல்லாரும் பேசிக்கொண்டே போவார்கள். அப்புறம் ஒரு ஏற்றம் வரும். முன்னால் இருப்பவர் கொஞ்சம் மிதிப்பார். பின்னால் இருப்பவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடைசி ஒரு மணி நேரம் யாரும் பேசுவதில்லை, மூச்சுச் சத்தம் மட்டும்தான். முன்னால் போகும் இரண்டு பேருக்கு அது இலேசான பயிற்சி. கடைசியில் தொங்கிக்கொண்டு வருபவருக்கு அது போட்டி. அவர் செவ்வாய்க்கிழமை இன்டர்வெல் (கொஞ்ச தூரம் வேகமாக, நடுவில் ஓய்வு, மறுபடி வேகமாக) ஓட வரும்போது கால் ஏற்கெனவே செத்திருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கடைசி ஆள் நான்தான். வலது முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம், ஒரு விரல் வைத்தால் சரியாக அந்த இடத்தில் வலிக்கும். தசைப்பிடிப்பு என்று நினைத்து 3 வாரம் அதோடு ஓடினேன். எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் விரிசல் என்று ஸ்கேனில் தெரிந்தது. 10 வாரம் ஓட்டமே கிடையாது. கால் முழுக்கப் பரவலாக இல்லாமல் எலும்பின்மேல் ஒரே புள்ளியில் வலி வந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இதை ஒவ்வொரு குழுவிலும் முதல் நாளே சொல்ல வேண்டும்.

ஸ்டீபன் சைலர் என்ற உடலியங்கியல் ஆராய்ச்சியாளர், உலகத்தரப் போட்டியாளர்கள் உண்மையில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று கவனித்தார். 10 பயிற்சிகளில் ஏறக்குறைய 8 இலேசானவை, 2 கடுமையானவை. வாரத்துக்கு 6 மணி நேரம் மட்டுமே கிடைக்கும் நமக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. ஆனால் இலேசான நாள் இலேசாகவே இருக்க வேண்டும் என்பது நமக்குத்தான் இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் பயிற்சி முடிந்ததும் படுத்துத் தூங்க நமக்கு நேரம் கிடையாது.

எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் இலேசு. 220லிருந்து வயதைக் கழித்து வரும் அதிகபட்ச நாடித்துடிப்பை நம்பி, இலேசு, நடுத்தரம், கடுமை என்று மண்டலம் பிரிக்காதீர்கள். அது சராசரிக் கணக்கு, ஒருவருக்கு 10, 12 துடிப்பு இப்படியோ அப்படியோ இருப்பது சாதாரணம். அதை வைத்து "நீ இன்னும் வேகமாகப் போகலாம்" என்று ஒருவரை விரட்டுவது தப்பு.

புதுவரவு:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வாரத்துக்கு 5 மணி நேரம்தான் கிடைக்கும், அதுவும் உறுதியில்லை. குழுவில் எல்லாரும் ஒலிம்பிக் தூரத்துக்குத் தயாராகிறார்கள். நான் ஸ்பிரின்ட் தூரம் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கரையோரம்:

தம்பி, முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அதை முழு வேகத்தில் செய்துபார், எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும். 5 மணி நேரத்தில் ஸ்பிரின்ட்டுக்கு அருமையாகத் தயாராகலாம். ஒலிம்பிக்கையும் முடிக்கலாம், ஆனால் அடிக்கடி நாள் தவறினால் உடம்பு சிரமப்படும். உன் 5 மணி நேரத்தை எழுதி, அதற்குள் அடங்கும் போட்டியைத் தேர்ந்தெடு. போட்டியை முதலில் எழுதிவிட்டு நேரத்தைத் தேடாதே. தூக்கத்திலிருந்துதான் எடுப்பாய், அது இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது.

1978ல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் (ஒலிம்பிக் தூரத்தைவிட மிக நீண்ட டிரையத்லான்) 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். வென்ற கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 நொடி ஆனது. இன்றைக்கு அந்தத் தூரத்தை அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிக்கும் அமெச்சூர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் அந்த 12 பேரை நாம் இன்றும் மரியாதையோடு நினைக்கிறோம். முடிப்பதும் ஒரு முழு இலக்குதான்.

இனி ஸ்டாப்வாட்ச் கேட்டதற்கு வருகிறேன். நான் 20 வருடத்துக்கு மேலாகக் குழுக்களோடு இருக்கிறேன். நேர இலக்கு வேண்டும் என்பதில் நான் இரட்டைச்சக்கரம் பக்கம். ஆனால் மொத்த நேரத்தை எழுதினால் போதாது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 3:09ல் முடித்த நண்பரின் பிரிவு நேரங்கள் உங்களிடம் இருக்கிறதா?

ஸ்டாப்வாட்ச்:

இருக்கிறது ஐயா. நீச்சல் 45 நிமிடம், இரண்டு மாற்றங்களும் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு) சேர்த்து 7, சைக்கிள் 84, ஓட்டம் 53.

கரையோரம்:

பாருங்கள். சைக்கிள் மணிக்கு 28.6 கி.மீ. வேகம். ஓட்டம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 18 நொடி. 3 மணிக்குள் வருபவருடைய சைக்கிளும் ஓட்டமும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நீச்சல் 100 மீட்டருக்கு 3 நிமிடம். மாற்றத்துக்கு 7 நிமிடம். அவர் தேடும் 9 நிமிடம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் உங்கள் பொது அட்டவணை அவரை என்ன செய்ய வைத்திருக்கும்? வாரத்தில் 3 நாள் ஓட்டம், 3 நாள் சைக்கிள், ஒரு நாள் நீச்சல். சரியா?

மாற்றத்தில் 3 நிமிடத்தை ஒரே மாதத்தில் குறைக்கலாம். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் பொருட்களைப் போடும் வரிசையிலேயே வைத்து, வாரம் ஒருநாள் 10 முறை பழகினால் போதும். ஹெல்மெட்டின் வாரை மாட்டியபிறகுதான் சைக்கிளில் கை வைக்க வேண்டும் என்ற விதியும் கைக்குப் பழகிவிடும். படபடப்பில் அதை மறந்து தண்டனை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீச்சலுக்கு ஒரு எளிய சோதனை சொல்கிறேன். நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டர் முழு முயற்சியோடு நீந்தச் சொல்லுங்கள். நன்றாக ஓய்வெடுத்தபின் 200 மீட்டர், அதையும் முழு முயற்சியோடு. 400க்கு 9:20, 200க்கு 4:24 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4:56. அதில் பாதி 2:28. 100 மீட்டருக்கு 2:28 என்பதுதான் அவர் ஓரளவு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். அதே வேகத்தில் 1,500 மீட்டர் போனால் 37 நிமிடம். குளத்தில் இந்தக் கணக்கு வந்தும் போட்டியில் 45 ஆகிறதென்றால் குறை கையிலும் காலிலும் இல்லை. மிதவையைப் பார்க்காமல் வளைந்து வளைந்து போயிருக்கிறார். நேராக 1,500 போக வேண்டிய இடத்தில் 1,750 நீந்தினால் நேரம் எப்படிக் குறையும்?

இப்படிப் பார்த்தபிறகு அவருக்கான இலக்கு தானாகவே வந்துவிடும். அதில் 3 மணி என்ற எண் கடைசியில்தான் வரும்.

மெதுவோட்டம்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பயிற்சி முடிந்ததும் "எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பு கேளுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 60 நிமிடம், மதிப்பு 4 என்றால் 240. கார்ல் ஃபாஸ்டர் என்ற உடற்பயிற்சி ஆராய்ச்சியாளர் உருவாக்கிய முறை. விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். ஒரே ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு ஒருவர் 3 என்றும் இன்னொருவர் 8 என்றும் எழுதினால், அது இரண்டு வேறு பயிற்சிகள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரட்டைச்சக்கரம்:

இந்தக் கணக்கைப் பார்த்ததும் என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். எண் வேண்டும், ஆனால் எந்த எண் என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் முதலில் மிதிக்கும் ஆள் எங்கள் குழுவில் நான்தான். பின்னால் வருபவர்களுக்கு என்ன ஆகிறது என்று யோசித்ததில்லை. மெதுவோட்டம் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இந்த வாரம் கடைசியில் போகிறேன்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் குழுவில் அப்போதுதான் பயத்தில் எல்லாரும் கூடுதலாகப் பயிற்சி செய்கிறார்கள்.

கரையோரம்:

நல்ல கேள்வி. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் வெளிவந்த ஒரு கட்டுரையின் முடிவு இது: கடைசி 2 வாரத்தில் மொத்தப் பயிற்சி அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைக்க வேண்டும், ஆனால் வேகத்தைக் குறைக்கக் கூடாது. அதாவது 6 இன்டர்வெல் ஓடியவர் 3 ஓடட்டும், அதே வேகத்தில். நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். விட்டுப்போன பயிற்சியை அந்த 2 வாரத்தில் ஈடுகட்டப் பார்ப்பார்கள். போனது போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

நாலாவது_லேன்:

ஸ்டாப்வாட்ச், ஒரு விஷயம். இலக்கைச் சத்தமாகச் சொல்ல வைக்காதீர்கள். தாளை மடித்து உங்களிடம் கொடுக்கட்டும். பிறகு ஒவ்வொருவரோடும் தனியாக 15 நிமிடம் பேசுங்கள். 16 பேர் என்றால் 4 மணி நேரம் ஆகும், தெரியும். ஆனால் ஒரு பெண் கூட்டத்தில் சொல்லாததைத் தனியாகச் சொல்வாள். மாதவிடாய் நின்றுபோயிருக்கலாம். குறைவாகச் சாப்பிட்டு அதிகமாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அது நடக்கிறது, எலும்பும் பலவீனமாகும். அதை யாரும் அட்டவணையில் எழுத மாட்டார்கள்.

ஸ்டாப்வாட்ச்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், சொல்ல விஷயம் இருப்பதால்.

16 பேரோடும் தனித்தனியாகப் பேசிவிட்டேன். 4 மணி நேரத்தில் முடியவில்லை, 3 மாலைப்பொழுதுகள் ஆயின. தாளில் முதல் கேள்வி, "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதியாகத் தர முடியும்?" 11 பேர் எழுதியது 4 முதல் 6 மணி நேரம். போன சீசன் நான் போட்ட அட்டவணை 9 மணி நேரம். யாருமே என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 5 பேர் தாங்களாகவே ஸ்பிரின்ட்டுக்கு மாறிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிட்டேன், இலேசான கூட்டத்தில் நானே கடைசியில் போகிறேன்.

3:09 நண்பர் வீட்டுக்கு நேரில் போனேன். பிரிவு நேரங்களை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சைக்கிள் 84 என்ற எண்ணின்மேல் விரலை வைத்து, "இது நல்ல நேரமா?" என்று கேட்டார். நம் 16 பேரில் மூன்றாவது என்றேன். அது அவருக்குத் தெரியவே தெரியாது.

புதன்கிழமை குளத்துக்கு வந்தார். 400 மீட்டர் 9:36, 200 மீட்டர் 4:30. கணக்குப் போட்டால் 100 மீட்டருக்கு 2:33. போட்டியில் அவருக்கு 3 நிமிடம் ஆனது. கரையோரம் ஐயா சொன்னதுதான், மிதவையைப் பார்க்காமல் நீந்தியிருக்கிறார். தாளில் முதல் வரியாக "6 முறை கை போட்டதும் தலை தூக்கிப் பார்ப்பேன்" என்று எழுதினார். நேரத்துக்கு விட்டிருந்த இடத்தை நிரப்பவில்லை. ஏரியில் முதல் பயிற்சி முடிந்தபிறகு எழுதுகிறேன் என்றார். அடுத்த சனிக்கிழமை இறங்குகிறோம்.

நாலாவது_லேன்:

அவர் திரும்பி வந்தது ரொம்ப சந்தோஷம். சனிக்கிழமை அவர் எந்தப் பக்கம் மூச்சு எடுக்கிறாரோ அந்தப் பக்கம் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரைக் கூடவே போகச் சொல்லுங்கள். எல்லார் இடுப்பிலும் பளிச்சென்ற நிறத்தில் மிதவை கட்டாயம் இருக்கட்டும். முதல் 10 நிமிடம் தூரம், நேரம் எதுவும் வேண்டாம், இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை நனைத்து மூச்சை வெளியே விட்டுப் பழகட்டும்.

ஸ்டாப்வாட்ச்:

சரி அக்கா, அப்படியே செய்கிறேன். கரையில் நின்று தலைகளை எண்ண ஒருவர் வேண்டும். புதுவரவு, நீங்கள் பக்கத்து ஊர்க் குழுவில் இருந்தால் சொல்லுங்கள், வந்து சேர்ந்துகொள்ளலாம்.

புதுவரவு:

வருகிறேன் அண்ணா. ஸ்பிரின்ட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.